எழும்பூர் ஸ்ரேசனில ஆக்களை இயல்பாய்ப் படமெடுக்கிறது: எங்க நிக்கிறது, என்ன வைக்கிறது?

கொக்குவில்_வாசி:
வணக்கம். தை மாதம் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தால சென்னைக்குப் போறன். அங்கயிருந்து மதுரைக்கு இரவு றெயில், எழும்பூரில ஏறவேணும். ஏறுறதுக்கு முதல் மூண்டு மணித்தியாலம் ஸ்ரேசனுக்குள்ள நிண்டு படமெடுக்க விருப்பம். கட்டிடம் வேண்டாம், எஞ்சின் வேண்டாம், ஆக்கள்தான். வழியனுப்ப வந்தவை, போர்ட்டர்மார், பெட்சீற் விரிச்சுப் படுத்திருக்கிற குடும்பங்கள். கையில இருக்கிறது ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு உணரி) மிரர்லெஸ் கமரா ஒண்டு, அதோட வந்த 18-55 கிற் லென்ஸ், 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒண்டு. எங்க நிக்கிறது, கமராவில என்ன வைக்கிறது, பொலிஸ் பிரச்சினை வருமோ? தெரிஞ்சவை விபரமாச் சொல்லுங்கோ.

நாவற்குழிச்_சந்தி:
தம்பி, முதல் எழும்பூருக்கும் சென்ரலுக்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளுங்கோ, நிக்கிற இடம் அதிலதான் தங்கியிருக்கு. சென்ரல் முடிவிடம். வண்டி வந்து நிண்டால் அவ்வளவு சனமும் எஞ்சின் பக்கத் தலைமாட்டை நோக்கி ஒரே திசையில நடக்கும். அங்க தலைமாட்டுத் தூண் ஒண்டோட ஒதுங்கி நிண்டால் முகங்கள் தானா உங்களிட்ட வரும். எழும்பூர் ஊடுபோகிற ஸ்ரேசன். சனம் இரண்டு பக்கமும் பிரிஞ்சு மேம்பாலப் படிகளுக்குப் போகும். நடு பிளாட்போமில நிண்டால் முதுகுகள்தான் கிடைக்கும். படிக்கட்டு அடியில, ஏறுற வரிசைக்குக் குறுக்க நிக்காமல், பக்கவாட்டில நில்லுங்கோ.

எழும்பூரின்ர பலம் இரவு. பாண்டியன், மலைக்கோட்டை, நெல்லை, முத்துநகர், பொதிகை எண்டு தென்மாவட்ட வண்டிகள் பின்னேரம் தொடக்கம் நடுச்சாமம் வரை அடுத்தடுத்துப் புறப்படும். புறப்படுற இடம் எண்டபடியா வெறும் வண்டியை முன்கூட்டியே பிளாட்போமுக்குக் கொண்டு வந்து விடுவினம். அந்த இடைவெளிதான் உங்கட நேரம். சாமான் ஏத்தி முடிஞ்சு, இருக்கை பிடிச்சு, வழியனுப்ப வந்தவை யன்னலடியில வந்து நிக்கினம். கதைக்க இருந்ததெல்லாம் கதைச்சு முடிஞ்சு, ஆனா வண்டி இன்னும் எடுக்கேல்லை. அந்தக் கடைசிப் பத்து நிமிசத்தில முகங்களில வாறது வேற எந்த நேரத்திலயும் வராது.

மறுசீரமைப்பு வேலை நடக்கிறபடியா சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாத்துறவை. உங்கட வண்டி எங்கயிருந்து எண்டு முதல் நாளே பாத்து வையுங்கோ. வேலைத் தகரம் அடிச்ச பக்கத்தில படத்துக்குப் பின்னணியும் கெட்டுப்போகும்.

இன்னொண்டு: முன்பதிவில்லாப் பெட்டிகள் பெரும்பாலும் வண்டியின்ர இரண்டு அந்தத்திலயும் இருக்கும். ஒரு பெட்டி 22-24 மீற்றர். இருபத்துச் சொச்சம் பெட்டி எண்டால் அரைக் கிலோமீற்றர் நடை. ஏசிப் பெட்டிப் பக்கத்தில ஆறுதலான வழியனுப்பல், அந்தத்தில இடம் பிடிக்கிற நெருக்கடி. இரண்டுக்கும் ஓடித் திரிஞ்சால் இரண்டும் கிடையாது. ஒரு வண்டிக்கு ஒரு இடம்.

காரைநகர்_அலை:
கமராப் பக்கத்துக்கு நான்.

பகல் வெளிச்சத்தில குவியத்தை (ஃபோகஸ்) கமராவிட்ட விடாதேங்கோ. அது முன்னால குறுக்க போற ஆளின்ர தோளைப் பிடிக்கும். கையால வையுங்கோ. உங்கட கிற் லென்சை 18 மி.மீ.இல வைச்சு, எஃப் 8 (லென்ஸ் துவார அளவு, இலக்கம் கூடக்கூடத் துவாரம் சிறுசு), குவியம் 2 மீற்றரில நிப்பாட்டினால் ஏறக்குறைய 1 மீற்றரில இருந்து அடிவானம் வரை தெளிவா இருக்கும். கமராவைக் கண்ணுக்குக் கொண்டு போகாமலே எடுக்கலாம். அதே எஃப் 8இல 35 மி.மீ. லென்சை 3 மீற்றரில வைச்சால் தெளிவு 2.2 மீற்றரில இருந்து 4.9 மீற்றர் வரைதான். ஆள் அந்த வலயத்துக்குள்ள வாற வரை பொறுக்கவேணும். 3 மீற்றர் எவ்வளவு எண்டு கண்ணுக்குப் பழக்க, வீட்டு விறாந்தையில அளவு நாடாவைப் போட்டுப் பாருங்கோ.

சட்டர் வேகம் நடக்கிறவைக்கு 1/250, ஓடுறவைக்கு 1/500. ஐஎஸ்ஓ (உணரியின்ர வெளிச்ச உணர்திறன்) ஓட்டோ, உச்சம் 6400, ஆகக்குறைந்த சட்டர் 1/250 எண்டு மெனுவில பூட்டிவிடுங்கோ. வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் கொம்பென்சேஷன்) கழித்தல் 2/3. பிளாட்போம் கூரைக்குள்ள இருட்டு, வெளியில தண்டவாளத்தில வெள்ளை வெயில். கமரா இருட்டைப் பாத்து வெளிச்சத்தைக் கூட்டும், வெயில் பட்ட முகம் எரிஞ்சுபோகும். எரிஞ்ச முகத்தைப் பிறகு மீட்கேலாது, இருண்ட நிழலை றோ கோப்பில (கமரா பதப்படுத்தாமல் சேமிக்கிற மூலக் கோப்பு) இருந்து எடுக்கலாம்.

கொக்குவில்_வாசி:
நன்றி அண்ணை. ஆனா நான் நிக்கிறது இரவு. எஃப் 8 சரிவராதே?

காரைநகர்_அலை:
சரிவராது. இரவுக்கு வேற கணக்கு. பிளாட்போம் விளக்குக்குக் கீழ எஃப் 2.8, 1/250 எண்டால் ஐஎஸ்ஓ 3200 தொடக்கம் 6400. விளக்கில்லாத இடைவெளிகளில அதுவும் காணாது, 1/125க்கு இறங்கவேணும். கிற் லென்சைப் பையுக்குள்ள வையுங்கோ. அதின்ர 55 அந்தத்தில எஃப் 5.6தான், 35இன்ர எஃப் 1.8ஓட பாத்தால் வெளிச்சம் பத்தில ஒரு பங்கு.

எஃப் 2.8இல 35 மி.மீ. 3 மீற்றரில தெளிவு வெறும் 85 சென்ரிமீற்றர் ஆழம். கையால வலயம் வைக்கிற வித்தை அங்க முறிஞ்சுபோகும். ஆக இரவில முகம், கண் கண்டுபிடிக்கிற தானியங்கிக் குவியத்தைப் போடுங்கோ. அப்ப கட்டாயம் செய்யவேண்டியது: குவிய உதவி விளக்கை நிப்பாட்டுங்கோ. பல கமராவில இருட்டில முன்னால செம்மஞ்சள் வெளிச்சம் ஒண்டு அடிக்கும். எடுக்கப்படுற ஆளுக்கு அதைவிடப் பெரிய அறிவிப்பு இல்லை. பின் திரையின்ர வெளிச்சத்தையும் குறையுங்கோ.

இனி சத்தமில்லாத எலக்ரோனிக் சட்டர். கனபேர் "இயல்பாய் எடுக்க" அதைப் போடுகினம். ஸ்ரேசனில அது தேவையே இல்லை. அறிவிப்பு, கூவல், வண்டிச் சத்தத்துக்கை சட்டர்ச் சத்தம் ஆருக்குக் கேக்கப்போகுது? கேடுதான் வரும். அங்கயும் எங்கட ஊர் மாதிரி 50 ஹேட்ஸ் மின்சாரம். ரியூப் லைற்றும் மலிவான எல்இடியும் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். எலக்ரோனிக் சட்டர் படத்தை வரிவரியா வாசிக்கிறதால முகத்துக்குக் குறுக்க இருண்ட பட்டி விழும். ஓடுற பெட்டியின்ர யன்னல்களும் சரிஞ்சு வரும். மெக்கானிக்கல் சட்டரைப் போட்டு, துடிப்புத் தவிர்ப்பு வசதி இருந்தால் அதையும் போடுங்கோ. இல்லாட்டி ஒரே இடத்தில எடுத்த அடுத்தடுத்த படங்கள் ஒண்டு மஞ்சளா ஒண்டு இருட்டா வரும். நிக்கிற ஆக்களை எடுக்கேக்க 1/100க்கு இறங்கினாலே இந்தத் தொல்லை போயிடும்.

சுன்னாகம்_சந்தை:
உவ்வளவு கிட்டப் போகத் தேவையில்லை. 55-210 மாதிரி ஒரு சூம் வாங்கிக்கொண்டு மேம்பாலத்தில ஏறி நிண்டால் ஆருக்கும் தெரியாமல் நூறு முகம் எடுக்கலாம். கிட்டப் போனால் எல்லாரும் கமராவைப் பாக்கத் தொடங்கிடுவினம்.

நாவற்குழிச்_சந்தி:
இதில நான் உடன்பட மாட்டன். காரணம் சொல்லுறன்.

சூம் லென்சின்ர 210 அந்தத்தில எஃப் 6.3. இரவில அது எடுபடாது. மேம்பாலம் ஆக்கள் நடக்க நடக்க அதிரும், 200 மி.மீ.க்கு அந்த அதிர்வு போதும் படத்தைக் கலக்க. மேல நிண்டு கீழ பாத்தால் உச்சந்தலையும் வழுக்கையும்தான், கண் தெரியாது. அதோட பாலம் ஏறி இறங்குற பாதை. அங்க நிண்டு வழியை அடைச்சால் ரயில்வே பாதுகாப்புப் படை முதல் உங்களைத்தான் நகரச் சொல்லும்.

அதைவிட முக்கியம், தூரத்தில ஒளிச்சு நிண்டு நீட்டுற லென்ஸ்தான் ஆக்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்புறது. ஒரு மூலையில 35 மி.மீ. லென்சோட வெளிப்படையா நிக்கிற ஆளை முதல் ஐஞ்சு நிமிசம் பாப்பினம், பிறகு மறந்துபோவினம். அவைக்குத் தங்கட சாமான், தங்கட பிள்ளை, தங்கட பெட்டி இலக்கம்தான் பெரிசு. ஒரே இடத்தில இருபது நிமிசம் நிண்டால் நீங்களும் அந்த இடத்தில நிக்கிற தூண்தான். நடந்து திரிஞ்சு எடுக்கிறவன் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் புது ஆளா இருப்பான்.

பனைவடலி:
சந்தி அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கவேணும். எங்கட ஊரில பழகின கண்ணோட அங்க போகக்கூடாது. யாழ்ப்பாணம் ஸ்ரேசனில கமராவைத் தூக்கினால் சனம் முகத்தைத் திருப்பும். சோதனைச் சாவடியிலயும் சுற்றிவளைப்பிலயும் படம் எடுக்கப்பட்டு, பதியப்பட்டு வாழ்ந்த சனம். தெரியாத ஆளின்ர கமரா எண்டால் "ஏன், ஆருக்கு?" எண்ட கேள்வி உடனே வரும், வரத்தான் வேணும். எழும்பூரில பிரச்சினை தலைகீழ். ஆக்கள் உங்களைப் பாத்துச் சிரிச்சு நிமிர்ந்து நிப்பினம். பொடியள் கூடி "எந்த டிவி?" எண்டு கேப்பினம்.

அப்ப மறுக்காமல் அந்த நேர்முகப் படத்தை எடுங்கோ. திரையில காட்டுங்கோ. நன்றி சொல்லுங்கோ. பிறகு கமராவை நெஞ்சளவில இறக்கிப்போட்டு அதே இடத்தில நில்லுங்கோ. ஐஞ்சு நிமிசத்தில அவை திரும்பத் தங்கட கதைக்குப் போயிடுவினம். நீங்கள் தேடின படம் அதுக்குப் பிறகுதான் வரும். மறுத்துப்போட்டு ஒளிச்சு எடுத்தால் அவைக்கும் கோபம், உங்களுக்கும் விறைச்ச முகம்.

மீசாலை_மா:
கைப்பேசியால எடுக்கிறவைக்கும் கொஞ்சம் எழுதுறன், இதை வாசிக்கிறவையில பாதிப்பேர் அதுதான்.

0.5 அகலக் கோணத்தை மறந்துவிடுங்கோ, ஓரத்தில நிக்கிற ஆளின்ர தலை இழுபட்டு நீளும். 1 அல்லது 2 லென்ஸ். இரவு மோட் தானா ஓடி வந்து 2-3 செக்கன் திறந்து வைக்கும், நடக்கிற ஆள் ஆவியாப் போயிடும். அதை நிப்பாட்டி வையுங்கோ. திரையில முகத்தை அழுத்திப் பிடிச்சுக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டி, சூரியக் குறியைக் கீழ இழுங்கோ. படத்தை ஒலி கூட்டுற பொத்தானால எடுங்கோ, திரையைத் தட்டினால் கை ஆடும். எடுக்க முதல் லென்சைத் துடையுங்கோ. வியர்வைக் கையால தொட்ட லென்சில பிளாட்போம் விளக்கெல்லாம் கோடு கோடா இழுபடும், படம் பழுதாகிறதில முக்கால்வாசி அதாலதான்.

யன்னலடியில நிக்கேக்க கைப்பேசியை நீட்டிப் பிடிக்காதேங்கோ. வண்டி எடுக்கிற நேரம் பறிச்சுக்கொண்டு போறது அங்க சாதாரணம். மணிக்கட்டு வார் போடுங்கோ.

கொக்குவில்_வாசி:
யன்னல் எண்டதும் கேக்கிறன். ஏசிப் பெட்டிக் கண்ணாடிக்குள்ளால உள்ள இருக்கிறவையை எடுக்கலாமோ?

காரைநகர்_அலை:
இரவில பெட்டிக்குள்ள விளக்கு எரிஞ்சால் எடுக்கலாம். கண்ணாடி இரட்டைத் தட்டு, சாயம் பூசினது, அதனால் ஒன்றரை ஸ்ரொப் போல (ஒரு ஸ்ரொப் எண்டால் பாதி) வெளிச்சம் குறையும், நிறம் பச்சைக்கு இழுக்கும். பிளாட்போம் விளக்கு கண்ணாடியில தெறிக்கும். நேரா நிக்காமல் கொஞ்சம் சரிஞ்சு நிண்டு, உங்கட கறுப்பு உடுப்பின்ர நிழல் கண்ணாடியில விழுறமாதிரிப் பாருங்கோ. அந்த நிழலுக்குள்ளால உள்ளுக்குத் தெளிவாத் தெரியும். வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு போனால் உங்கட நெஞ்சுதான் படத்தில வரும்.

ஸ்லீப்பர் பெட்டி வேற. கண்ணாடியைத் தூக்கிவிட்டிருப்பினம், குறுக்க இரும்புக் கம்பிகள். குவியம் கம்பியில நிக்கும், முகத்தில நிக்காது. ஒற்றைப் புள்ளிக் குவியம் போட்டு இரண்டு கம்பிக்கு நடுவில கண்ணை வையுங்கோ. கம்பி மேல வெளியில இருந்து ஒரு கை, உள்ள இருந்து ஒரு கை பிடிச்சிருக்கும். முகம் வராட்டியும் பரவாயில்லை, அந்தக் கைகளை 35இல ஒரு மீற்றர் தூரத்துக்குக் கிட்டப் போய் எடுங்கோ. வயசான கை எண்டால் காப்பும் நரம்பும் சேர்ந்து வரும், கம்பியின்ர உரிஞ்ச பெயின்றும் வரும்.

வண்டி எடுத்த முதல் கொஞ்ச நேரம் நடை வேகம்தான். கையை விடாமல் கூட நடக்கிறவை இருப்பினம். அப்ப 1/30க்கு இறக்கி, அவையோட சேர்ந்து கமராவைத் திருப்புங்கோ. முகம் நிக்கும், பெட்டி ஓடும். பத்தில ஒண்டுதான் சரிவரும், அதனால தொடர் எடுப்பைப் போடுங்கோ. ஆனா நீங்கள் பின்பக்கம் நடக்கக்கூடாது. நிண்ட இடத்தில இடுப்பை மட்டும் திருப்புங்கோ.

நாவற்குழிச்_சந்தி:
பாதுகாப்பு. யாழ்ப்பாணத்தில இருந்து போறவைக்கு இதைத் தனியாச் சொல்லவேணும். வடக்குப் பாதையில ஓடுறது டீசல். வண்டி வாறது தூரத்திலயே கேக்கும். தலைக்கு மேல கம்பியும் இல்லை. எழும்பூரில எல்லாம் மின்சாரம். மேல 25,000 வோல்ற். தொடத் தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். மேம்பாலத்தில இருந்து செல்பி ஸ்ரிக், மொனோபொட் (ஒற்றைக்கால் தாங்கி) எதையும் கம்பிப் பக்கம் நீட்டாதேங்கோ. மின்சார வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில வந்து நிக்கும். மஞ்சள் கோட்டுக்கு இங்கால நில்லுங்கோ, கண் வியூபைண்டரில இருக்கேக்க ஒரு அடியும் எடுத்து வைக்காதேங்கோ. தண்டவாளத்தில இறங்கினால் 1989 ரயில்வே சட்டத்தின்ர 147ஆம் பிரிவில ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும்.

பனைவடலி:
பொலிஸ் கேள்விக்கு வாறன். உங்களிட்ட பயண ரிக்கெற் இருக்கிறதால பிளாட்போம் ரிக்கெற் தேவையில்லை. வேற நாளில சும்மா போறதெண்டால் பிளாட்போம் ரிக்கெற் 10 ரூபா, இரண்டு மணித்தியாலம் மட்டும் செல்லும். பண்டிகை நெரிசலில விற்கிறதை நிப்பாட்டிப்போடுவினம். பொங்கலை ஒட்டிப் போறீங்கள், அதை யோசியுங்கோ. ரிக்கெற் இல்லாமல் பிடிபட்டால் தண்டம் ஆகக்குறைஞ்சது 250 ரூபா.

அங்க இரண்டு சீருடை. ரயில்வே பாதுகாப்புப் படை ரயில்வேயின்ர சொத்துக்கும் பயணிக்கும். மற்றது மாநில அரசின்ர ரயில்வே பொலிஸ், குற்ற வழக்குகள் அவையிட்ட. ஆர் கேட்டாலும் கமராவை இறக்கி, வணக்கம் சொல்லி, படத்தைக் காட்டுங்கோ. பாஸ்போட்டும் விசாவும் பிரதியாக் கையில இருக்கட்டும். எங்கட பேச்சைக் கேட்டதும் "சிலோனா?" எண்டு கேப்பினம். ஓம் எண்டு நேராச் சொல்லுங்கோ, சுத்தி வளைக்காதேங்கோ. ட்ரைபொட் விரிச்சால் அது படப்பிடிப்பு எண்ட கணக்கில வரும். வணிகப் படப்பிடிப்புக்குத் தெற்கு ரயில்வேயின்ர மக்கள் தொடர்பு அலுவலகத்தில முன்அனுமதி வேணும், சுற்றுலா விசாவில போறவைக்கு அந்த வேலை வேண்டவே வேண்டாம். சோதனைக் கருவி, கட்டுப்பாட்டு அறை, ஆயுதத்தோட நிக்கிற காவலர், ராணுவம் போற வண்டி, இதுகளை எடுக்காதேங்கோ. நிலைய அதிகாரி வேண்டாம் எண்டால் வாதாடாமல் விடுங்கோ, வண்டி ஏறுறதுதான் உங்களுக்கு முதல் வேலை.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமான பகுதி இனித்தான். பிளாட்போம் வீடில்லாதவைக்கு வீடு. நித்திரையில சேலை விலகிக் கிடக்கிற பெண், பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ, குழாயடியில உடம்பு கழுவுறவை, உடுப்பு மாத்திறவை. இதில ஒண்டையும் எடுக்காதேங்கோ. பெண்ணின்ர அந்தரங்கத்தைப் படமெடுக்கிறது 2024 யூலை 1 முதல் அமுலில இருக்கிற இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்ர 77ஆம் பிரிவில குற்றம், முதல் தரத்துக்கே ஆகக்குறைஞ்சது ஒரு வருசச் சிறை. எது அதுக்குள்ள வரும் வராது எண்டு விளிம்பில நிண்டு பாக்கிற வேலை வேண்டாம். தனிய நிக்கிற பிள்ளையை எடுக்காதேங்கோ. தாய் தகப்பனோட நிக்கிற பிள்ளை எண்டால் அவையைப் பாத்துக் கண்ணால கேளுங்கோ. பிச்சை எடுக்கிறவையை எடுத்து "வாழ்க்கை" எண்டு தலைப்புப் போடுற படங்கள் இணையத்தில போதும் போதும் எண்டு கிடக்கு.

சுன்னாகம்_சந்தை:
நித்திரை கொள்ளுறவையை எடுக்கவே கூடாதெண்டால் எழும்பூர் இரவில பாதிப் படம் போச்சு அக்கா.

பனைவடலி:
போகாது தம்பி. முகம் தெரியாமல் எடுக்கலாம்: துணியால தலைவரை மூடி வரிசையாப் படுத்திருக்கிற குடும்பம், தலைமாட்டில கட்டின பை, கால்மாட்டில ஒழுங்கா வைச்ச செருப்புகள், முழிச்சு இருந்து காவல் காக்கிற ஒராள். அந்த முழிச்சிருக்கிற ஆளிட்டக் கேக்கலாம். அவர் ஓம் எண்டால் உங்களுக்கு முழு உரிமையும் வந்திட்டுது. கேட்டபடியா படம் கெட்டுப்போகாது, நித்திரையில இருக்கிறவை நித்திரையிலதானே இருக்கினம்.

காரைநகர்_அலை:
போர்ட்டர்மாரைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். சிவப்புச் சட்டை, கையில பித்தளை அடையாளத் தகடு. சிவப்பு கமரா உணரிக்குக் கெதியா நிரம்பிப்போற நிறம், மடிப்பெல்லாம் அழிஞ்சு ஒரே திட்டா வரும். ஹிஸ்ரோகிராமில (வெளிச்சப் பரவலைக் காட்டுற வரைபடம்) சிவப்புக் கோட்டைத் தனியாப் பாத்து, வெளிச்ச ஈட்டை இன்னும் 1/3 குறையுங்கோ. அவை வேலையில நிக்கேக்க வழியை மறிக்காதேங்கோ. தலையில சுமையோட வாறவர் நிண்டால் திரும்பத் தூக்க இன்னொராள் வேணும். வண்டி வர முதல் தள்ளுவண்டியடியில குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் நல்லது, அப்ப கேட்டு எடுக்கலாம்.

சனம் கலங்கி ஓட ஒராள் மட்டும் அசையாமல் நிக்கிற படத்துக்கு ஆசை வரும். இந்தியப் படப்பிடிப்பாளர் ரகு ராய் 1995இல மும்பை சர்ச்கேற் ஸ்ரேசனில எடுத்தது அப்பிடியானது, பேப்பர் வாசிக்கிறவை நிக்க, கூட்டம் ஆறா ஓடுது. அதுக்கு 1/4 தொடக்கம் 1/2 செக்கன். ட்ரைபொட் இல்லாமல் தூணில கமராவை அமத்திப் பிடிச்சு, 2 செக்கன் தாமதப் பொத்தான் வைச்சு எடுங்கோ. வாசிக்கிறவர், யோசிக்கிறவர், சாமானுக்குக் காவல் நிக்கிறவர்தான் அரைச் செக்கன் அசையாமல் நிப்பினம். போன் கதைக்கிறவர் நிக்கமாட்டார், அவரின்ர மற்றக் கை ஆடிக்கொண்டே இருக்கும்.

மீசாலை_மா:
ஒரு சின்ன விசயம், ஆனா மூண்டு மணித்தியாலத்தையும் அழிச்சுப்போடும். ஹோட்டல் ஏசி அறையில இருந்து நேராப் பிளாட்போமுக்குப் போய்க் கமராவைத் திறந்தால் லென்ஸ் பனி மூடும். துடைச்சாலும் திரும்ப மூடும், உள்ள கண்ணாடியில மூடினால் கையும் வைக்கேலாது. அறையை விட்டு வெளிக்கிட முதல் கமராவைக் காத்துப் போகாத சிப் பையுக்குள்ள போட்டு மூடுங்கோ, வெளியில வந்து அரை மணித்தியாலம் கழிச்சுத் திறவுங்கோ. அந்த நேரம் பிளாட்போமைச் சுத்திப் பாத்து, எந்தத் தூணடியில விளக்கு நல்லா விழுது எண்டு தெரிவு செய்யலாம்.

கொக்குவில்_வாசி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. கடைசியா ஒண்டு. ஆராவது படத்தை அழிக்கச் சொன்னால்?

நாவற்குழிச்_சந்தி:
அவைக்கு முன்னாலயே அழியுங்கோ. இரண்டு மெமரிக் காட் போடுற கமரா எண்டால் இரண்டிலயும் அழிக்கவேணும், ஒண்டில அழிச்சுப்போட்டு மற்றதில வைச்சிருக்கிறது ஏமாத்து. படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டால் நம்பரை ஒரு கொப்பியில எழுதி, பக்கத்தில படத்தின்ர கோப்பு இலக்கத்தையும் எழுதுங்கோ. ஊருக்கு வந்து தேடினால் எந்த முகம் எந்த நம்பர் எண்டு தெரியாது. மதுரைக்குப் போற வண்டியிலயே இருந்து தெரிவு செய்து, இறங்க முதல் அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.